கேசட் கடைக்காரரைக் கேளுங்கள்: ஐந்து பாட்டு, பத்தொன்பது நிமிஷம்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பேண்ட் நடத்துகிறோம். சொந்தப் பாட்டு ஐந்து, மொத்தம் 19 நிமிஷம், எங்கள் வீட்டு மாடி அறையிலேயே பதிவு செய்தோம். டிரம்ஸ் மட்டும் கம்ப்யூட்டரில் போட்டது. இதை இ.பி. (சிங்கிளைவிடப் பெரிதாக, ஆல்பத்தைவிடச் சிறிதாக வரும் பாட்டுத் தொகுப்பு) என்று வெளியிடலாம் என்றேன். கிட்டார் வாசிக்கும் நண்பன், "ஸ்டுடியோவில் எடுக்காததெல்லாம் டெமோதான், இ.பி. என்று போட்டால் சிரிப்பார்கள்" என்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் நண்பர் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார், தம்பி. சிங்கிள், இ.பி., ஆல்பம் என்பது அளவுக் கணக்கு. டெமோ அந்தக் கணக்கிலேயே வராது. பாட்டு யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பெயர்.

அளவை முதலில் முடித்துவிடுவோம். ஆப்பிள் மியூசிக் கணக்குப்படி நான்கு முதல் ஆறு பாட்டு, மொத்தம் 30 நிமிஷத்துக்குள் என்றால் இ.பி. ஏழு பாட்டு ஆகிவிட்டாலோ 30 நிமிஷம் தாண்டினாலோ ஆல்பம். மூன்று பாட்டு வரை, ஒவ்வொன்றும் 10 நிமிஷத்துக்குள் என்றால் சிங்கிள். மற்ற தளங்களிலும் ஏறக்குறைய இதேதான். ஆக உங்களுடையது இ.பி. மாடி அறையில் எடுத்தீர்களா, மாளிகையில் எடுத்தீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

டெமோ என்றால் என்ன என்று பார்க்க ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனால் போதும். ஆர்டர் பிடிப்பதற்கு முன்னால் பையருக்கு, அதாவது மொத்தமாக வாங்குகிறவருக்கு, காட்ட சாம்பிள் ஜோடி தைப்பார்கள். கைதேர்ந்த ஆள்தான் அதில் உட்காருவார். கடைக்குப் போகிற ஜோடியைவிட சாம்பிள் அழகாக இருப்பதும் உண்டு. ஆனாலும் அதில் விலை ஒட்ட மாட்டார்கள். பையர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் குதிகாலை மாற்று" என்று சொல்வதற்காகவே செய்தது அது. டெமோவும் அப்படித்தான். தரம் மட்டம் என்பதால் வந்த பெயர் இல்லை.

என் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் வேலூர் லாங் பஜார் பக்கம் எனக்கு ரெக்கார்டிங் கடை. சர்ச் பாடகர் குழுப் பையன்கள் சிலர் ஒரு கேசட்டோடு வந்தார்கள். நாலே நாலு பாட்டு. சென்னையில் கேசட் கம்பெனிகளுக்குக் கொடுக்க ஆறு காப்பி வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். ஒரு கம்பெனியும் பதில் போடவில்லை. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதே பையன்கள், அதே கேசட். இந்தத் தடவை இருநூறு காப்பி. உள்ளே வைக்கிற அட்டையைக் கலரில் அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார்கள். நான் இருநூறு கேசட்டின் முதுகிலும் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தேன். அந்தக் காது போய்விட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, மேலே வேறு எதையும் பதிய முடியாது. கம்பெனி கேசட்டெல்லாம் அப்படித்தான் காதில்லாமல் வரும்.

பாட்டு மாறவில்லை. பின்னால் கேட்கிற "ஸ்ஸ்" இரைச்சல்கூட மாறவில்லை. முதல் ஆறும் டெமோ, பின்னால் வந்த இருநூறும் வெளியீடு. (முதல் ஆறில் ஒன்று எப்படியோ என் கடைக்கே திரும்பி வந்தது. போட்டுக் கேட்டால் யாரோ ஒரு கல்யாண நாதஸ்வரத்தை மேலே பதிந்திருந்தார்கள். காதை உடைக்காமல் கொடுத்தது என் தப்பு.)

பெரிய உதாரணமும் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் நியூ ஜெர்சியில் தன் வீட்டில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில், தன் பேண்டுக்குக் காட்டுவதற்காகச் சில பாட்டுகளைப் பதிந்தார். பேண்டோடு ஸ்டுடியோவில் எடுத்தது அவருக்குத் திருப்தியாக இல்லை. கடைசியில் வீட்டுக் கேசட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். டெமோவாகப் பிறந்தது, ஆல்பமாகக் கடைக்குப் போனது.

ஆனால் என் விளக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை பேண்டுகள் டெமோ என்றே பெயர் போட்டு கேசட் விற்றதுண்டு. ரசிகர்கள் அதைத் தபாலில் நாடு விட்டு நாடு மாற்றிக்கொண்டார்கள். அங்கே டெமோ என்றால் "எங்கள் முதல் குரல் இது" என்று அர்த்தம். பேண்ட் வைத்த பெயர்தான் அதற்குப் பெயர்.

ஆகவே நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். இதே ஐந்து பாட்டைப் பிறகு நல்ல டிரம்ஸ் வைத்துத் திரும்ப எடுக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் இப்போது பொதுவில் விடாமல், கச்சேரி நடத்துகிறவர்களுக்கு லிங்க் மட்டும் அனுப்புங்கள், அது டெமோ. இதோடு சரி என்றால் அட்டைப்படம், தேதி எல்லாம் வைத்து இ.பி. என்றே போடுங்கள். நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும், கிட்டார் அவர் வாசித்ததுதானே.

கேள்வி: எங்களிடம் ஏழு பாட்டு, 31 நிமிஷம். இ.பி. என்று போட ஆசை. முடியாதா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தளம் ஆல்பம் வரிசையில்தான் வைக்கும், அதோடு மல்லுக்கட்ட முடியாது. அட்டையில் இ.பி. என்று போடுவதை யார் தடுக்கப் போகிறார்கள்? அமெரிக்காவின் ஆலிஸ் இன் செயின்ஸ் ராக் பேண்டின் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' ஏழு பாட்டு, 30 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. இ.பி. என்றுதான் வந்தது. 1994-ல் அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் வந்தவுடனே முதலிடம், எந்த இ.பி.யும் அதற்கு முன் அப்படி வந்ததில்லை.

கேள்வி: தாத்தா வீட்டில் இருக்கும் சின்ன இசைத்தட்டுகளையும் இ.பி. என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. சில வருஷத்தில் கோடுகளை நெருக்கி வெட்டி, பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடக்கினார்கள். நீட்டிய தட்டு என்ற பொருளில் எக்ஸ்டெண்டட் பிளே, சுருக்கமாக இ.பி. நம் சினிமாப் பாட்டும் அப்படி நாலு நாலாக ஏராளமாக வந்திருக்கிறது. தாத்தாவின் தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள். மொட்டை மாடி அறையில் மட்டும் வேண்டாம், நம் பக்கத்து மே மாத வெயிலுக்கு அப்பளமாக வளைந்துவிடும்.