வாஷர் டிரையர்: ஐந்து பேர் வீட்டுக்கு ஒத்து வருமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பால்கனி சின்னது. மொட்டை மாடியில் கொடி கட்ட அசோசியேஷன் விடுவதில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் யூனிஃபார்ம் காயாது. வீட்டில் உள்ள நாற்காலி எல்லாவற்றிலும் துணி தொங்கும். பழைய டாப் லோடு மெஷினை எப்படியும் மாற்ற வேண்டும். துவைத்துக் காயவைத்தே தரும் 8 கிலோ வாஷர் டிரையரைக் கடையில் காட்டினார்கள். சாதாரண ஃப்ரண்ட் லோடைவிட விலை நிறையவே அதிகம். வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். மெஷினில் குறை இல்லை, ஐந்து பேர் துணிக்கு அது ஈடு கொடுக்காது.

கடையில் சொன்ன 8 கிலோ, துவைக்கும் அளவு. விவரச்சீட்டைப் பார்த்தால் 8/5 என்றோ 8/6 என்றோ போட்டிருக்கும். இரண்டாவது எண்தான் காயவைக்கும் அளவு. துணி புரண்டு விழவும் அதற்கு நடுவே சூடான காற்று புகுந்து வரவும் டிரம்மில் இடம் வேண்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். 8 கிலோ துவைத்தால் 3 கிலோ ஈரத்துணியை வெளியே எடுத்து வைத்து, மீதியைக் காயவைத்து, அப்புறம் எடுத்து வைத்ததை மறுபடி போட வேண்டும். “போட்டுவிட்டு ஆபீஸ் போங்கள், காய்ந்த துணியாக எடுக்கலாம்” என்று விற்பனையாளர் சொல்வது 5 கிலோவுக்குள் போட்டால் மட்டுமே நடக்கும்.

5 கிலோ என்பது எவ்வளவு? ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் வரும். தடித்த டர்க்கி துண்டு அரைக் கிலோ. டபுள் கட்டில் பெட்ஷீட் ஒரு கிலோவை நெருங்கும். இரண்டு செட் யூனிஃபார்ம், மூன்று பெரியவர்களின் ஒரு நாள் உடுப்பு, நைட்டி, துண்டுகள், உள்ளாடைகள் என்று சேர்த்தால் உங்கள் வீட்டில் தினமும் நான்கைந்து கிலோ விழும். அதாவது ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு ஈடு. துவைக்க இரண்டு மணி நேரம், 5 கிலோ பருத்தித் துணி காய மூன்று நான்கு மணி நேரம். காலை ஆறுக்குப் போட்டது பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் வெளியே வரும். அதுவரை அடுத்த துவையல் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டும் சேர்ந்தால் நாள் முழுக்க அந்த மெஷின் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டியதுதான். அந்த ஒருவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கரன்ட் பில். 1,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,200 சுற்று) பிழிந்த பிறகும் 5 கிலோ பருத்தித் துணியில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கவே ஏறக்குறைய 0.65 யூனிட் வேண்டும். டிரம்மும் துணியும் சூடேறுவது, வெளியே வீணாகும் சூடு எல்லாம் சேர்த்து, சாதாரண ஹீட்டர் உள்ள மெஷினில் ஒரு முறை முழு ஈடு காயவைக்க 3, 4 யூனிட் ஆகும். தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 180 முதல் 240 யூனிட் கூடும். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. கோடையில் ஏசி போடும் வீடு என்றால், டிரையரையும் சேர்த்து ஓட்டும்போது இந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். மழை நாட்களில் மட்டும், பில் காலத்தில் இருபது முறை ஓட்டினால் 60 முதல் 80 யூனிட். அது தாங்கக்கூடிய செலவு.

தண்ணீரையும் கேட்டுக்கொள்ளுங்கள். துவைப்பதையும் காயவைப்பதையும் ஒன்றே செய்யும் இந்த இரட்டை மெஷின்கள் பலவற்றில் துணியிலிருந்து கிளம்பும் ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரையே விடுகிறார்கள். காயவைக்கும் நேரத்திலும் தண்ணீர் உள்ளே வந்து சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. காற்றாலேயே ஆவியைக் குளிரவைக்கும் மாடல்களும், சூட்டை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் மாடல்களும் உண்டு. “காயவைக்கும்போது தண்ணீர் எடுக்குமா?” என்று நேராகவே கேளுங்கள்.

அப்படியானால் என்ன வாங்குவது? 8 அல்லது 9 கிலோ ஃப்ரண்ட் லோடு, 1,400 ஆர்பிஎம். வழக்கமான டாப் லோடு 700, 800 சுற்றில் பிழிகிறது. அதே 5 கிலோ துணியில் மூன்றரை லிட்டர் தங்கிவிடும். 1,400இல் பிழிந்தால் இரண்டரைதான். அந்த ஒரு லிட்டரைச் சில நிமிடச் சுழற்சியிலேயே, ஏறக்குறைய செலவே இல்லாமல் வெளியேற்றிவிடலாம். மழை நாளில் துவைத்து முடித்ததும் ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். பால்கனிக் கூரையில் கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் சீலிங் ஹேங்கர் மாட்டுங்கள்; மிச்சமாகும் பணத்தில் அது ஒரு துளிதான். துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி, மேலே ஃபேன். யூனிஃபார்ம் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸும் துண்டும் மட்டும் மறுநாள் மதியம் வரை இழுக்கும்.

இதுவும் பத்தாது, டிரையர் கட்டாயம் வேண்டும் என்றால் தனி டிரையராக வாங்குங்கள். இடம் இல்லை என்பீர்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினும் தனி டிரையரும் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம். ஒன்றன் மேல் ஒன்றாக வைக்க அந்த மாடலுக்கான தாங்கி விற்கிறார்கள். தரையில் அடைபடும் இடம் ஒரே மெஷினுக்கு ஆவதுதான். உயரம் மட்டும் சுமார் 170 சென்டிமீட்டர். கீழே அடுத்த ஈடு துவைக்கும்போதே மேலே முந்தையது காயும். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். ஜன்னல் வழியாகக் குழாய் விடக்கூடிய வீட்டுக்கு, ஈரக் காற்றை வெளியே தள்ளும் வென்டட் டிரையர் விலை குறைவு. ஹீட் பம்ப் வகை விலை அதிகம் என்றாலும் கரன்ட் பாதியோ அதற்கும் கீழேயோதான் ஆகும். முதலில் ஃப்ரண்ட் லோடை வாங்கி ஒரு மழைக்காலத்தைத் தள்ளிப் பாருங்கள், டிரையரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரட்டை மெஷினில் அந்த வசதி கிடையாது.

எந்த டிரையர் ஆனாலும் ஒரு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். மாமியார் எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படுத்தும் துண்டு, சமையலறைக் கைப்பிடித் துணி, நல்லெண்ணெய் ஊறிய தலையணை உறை எதையும் டிரையரில் போடாதீர்கள். துவைத்த பிறகும் எண்ணெய் நூலுக்குள் தங்கும். சூடான துணி குவியலாகக் கிடக்கும்போது அந்த எண்ணெய் காற்றோடு கூடி மேலும் மேலும் சூடேறித் தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உலகம் முழுவதும் நடந்திருக்கின்றன. காயவைப்பதன் கடைசிக் கட்டம் துணியை ஆறவைப்பதற்கானது. அதை நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாத் துணியையும் உடனே எடுத்து விரித்துப் போடுங்கள். பட்டு, கம்பளி, ரப்பர் அடி வைத்த மிதியடி இதெல்லாம் வேண்டாம். கைத்தறிப் பருத்திப் புடவையும் வேட்டியும் சுருங்கும்; அவற்றுக்குக் கொடிதான்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் நானும் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் இருக்கிறோம். துணி நாப்கின்தான் கட்டுகிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். எங்களுக்கு வாஷர் டிரையர் சரிப்படுமா?

பதில்: சரிப்படும். தினமும் ஒன்றரை, இரண்டு கிலோதான் சேரும். அது காயும் அளவுக்குள் தாராளமாக அடங்கும், துவைத்துக் காய மூன்று மணி நேரம் போதும். நாப்கினின் வெளிப்பக்கத் தண்ணீர் புகா உறையும் எலாஸ்டிக்கும் அதிகச் சூட்டில் கெடும். உள்ளே வைக்கும் பருத்திப் பட்டைகளை மட்டும் போடுங்கள். 16 ஆம்பியர் பவர் பிளக் தனியாக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னும் ஒரு குழந்தை, ஊரிலிருந்து வரப்போகும் பெற்றோர் என்று குடும்பம் பெரிதாகப் போகிறது என்றால் மேலே மடிப்பாக்கம் வாசகிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். நான்கு மாதம் முன்பு வாங்கிய வாஷர் டிரையர் துணியைச் சூடாகத் தருகிறது, ஆனால் ஈரம் போகவில்லை. “நீங்கள் அதிகமாகப் போடுகிறீர்கள்” என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் குழாயைப் பாருங்கள். துவைத்து முடிந்ததும் குழாயை மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. தண்ணீரால் ஆவியைக் குளிரவைக்கும் மெஷினில் குழாய் மூடியிருந்தாலோ, மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் குறைவாக இருந்தாலோ, ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். துணி சூடாக, ஈரமாக வருவது அதன் அடையாளம். குழாய் மெஷினில் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீரில் அது மணலும் உப்புமாக அடைத்துக்கொள்ளும். பிறகு கதவு ரப்பர் மடிப்பிலும் கீழே உள்ள ஃபில்டரிலும் பஞ்சு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். தனி டிரையரில் பஞ்சு பிடிக்கக் கையால் எடுத்துச் சுத்தம் செய்யும் வடிகட்டி உண்டு. இரட்டை மெஷின் பலவற்றில் அது இல்லை, பஞ்சு காற்றுப் பாதையிலேயே ஒட்டும். துணி இல்லாமல் ஒரு தடவை அலசல் ஓட்டினால் ஓரளவு போகும்.

இத்தனையும் செய்து, துணியை எடை போட்டு 3 கிலோ மட்டும் வைத்து ஓட்டுங்கள். அப்போதும் காயவில்லை என்றால் குறை மெஷினில்தான். புகாரை போனில் சொல்வதோடு விடாமல் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். மெக்கானிக் வரும் ஒவ்வொரு முறையும் என்ன பார்த்தார் என்பதை ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் வேலைக் குறிப்புச் சீட்டு) எழுதி வாங்குங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 10 வருட வாரன்டி வழக்கமாக மோட்டாருக்கு மட்டும். ஹீட்டர், காற்று விசிறி, சென்சார் எல்லாம் முழு மெஷினுக்கான குறுகிய வாரன்டியில்தான் வரும். நான்கு மாதம்தானே ஆகிறது, இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள், காலம் கடத்தாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. பில், வாரன்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல் நகல் இவற்றை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.