சாபமா, தண்ணீரா?

கேள்வி: குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளோடு துக்ளகாபாத் கோட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஒரு ஞானியின் சாபத்தால்தான் அது பாழானது என்கிறார்களே, உண்மையா? அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?
– வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: கதை இதுதான்: சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா படிக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். சுல்தான் கியாசுதீன் துக்ளக்கோ ஊரிலிருந்த வேலையாட்களையெல்லாம் தன் கோட்டைக்கே இழுத்துக்கொண்டார். 'இது பாழாய்க் கிடக்கட்டும், இல்லையென்றால் குஜ்ஜர்கள் குடியேறட்டும்' என்று அவுலியா சபித்தாராம். (குஜ்ஜர்கள் என்பது ஆடுமாடு மேய்ப்பவர்களாக இருந்த ஒரு சமூகம்.) மதிலுக்குள் இருக்கும் கிராமத்தில் இன்றும் குஜ்ஜர்கள் வாழ்வதால் கதைக்கு மவுசு குறையவில்லை. போதாததற்கு, வங்கத்திலிருந்து திரும்பிய சுல்தான், 1325-ல் தில்லிக்கு வெளியே வரவேற்புக்காகக் கட்டிய மர மண்டபம் சரிந்து இறந்தார்.

ஆனால் ஊர் காலியானதற்குச் சாபம் வரை போக வேண்டியதில்லை. 1321 வாக்கில் தொடங்கிய கோட்டை இது. அடுத்து வந்த மகன் முகமது பின் துக்ளக் பக்கத்திலேயே ஆதிலாபாத் என்று தனிக் கோட்டை கட்டிக்கொண்டு, 1327-ல் தலைநகரையே தக்காணத்திலுள்ள தௌலதாபாதுக்குத் தூக்கிப் போனார். அரசவை போனால் கடைத்தெருவும் போகும்தானே! தண்ணீரும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆரவல்லிப் பாறை மேல் ஊர். யமுனை தள்ளி ஓடுகிறது. மூன்று மாத மழையைத் தேக்கித்தான் ஆண்டு முழுக்கக் குடிக்க வேண்டும். உள்ளே போனதும் பாறையைக் குடைந்த ஆழமான நீர்த்தொட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கைப்பிடிச் சுவர் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டே காட்டுங்கள்.

அடுத்து மதில். சுற்றளவு 6 கிலோமீட்டருக்கு மேல், உயரம் 10 முதல் 15 மீட்டர். நேராக நிற்காமல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுல்தான் முன்பு ஆளுநராக இருந்த பஞ்சாப், முல்தான் பக்கத்து மண், செங்கல் கட்டடங்களின் வழக்கம் இது: அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். முகப்பில் பெரிய கற்கள், உள்ளே உடைகல் நிரப்பு. முகப்புக் கல் ஒன்று பெயர்ந்தால் உள்ளிருப்பது பொலபொலவென்று கொட்டும். அந்த இடங்களில் ஏறவே வேண்டாம்.

மெஹ்ரோலி–பதர்பூர் சாலைக்குத் தெற்கே, தனி மதிலுக்குள் சுல்தானின் கல்லறை: சிவப்புக் கல் சுவர், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். அன்று அது ஏரிக்கு நடுவே இருந்தது. கோட்டையிலிருந்து போன பாலத்தைத்தான் இந்தச் சாலை இன்று வெட்டிக்கொண்டு போகிறது.

துக்ளகாபாத் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஏமாறாதீர்கள். அது மதுரா சாலையில், கோட்டையிலிருந்து வெகுதூரம். கோவிந்த்புரியில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். குரங்குகள் அதிகம்.