ஏ பிளஸ் முடித்தால் வேலை கிடைக்குமா, அண்ணா?

தண்டையார்பேட்டைக்காரன் நான். பதினான்கு வருடமாக டெஸ்க்டாப் சப்போர்ட், அதாவது அலுவலக கம்ப்யூட்டர்களில் வரும் கோளாறைச் சரிசெய்யும் வேலை. இப்போது புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பதும் நான்தான். நம்ம ஏரியாப் பிள்ளைகள் கேட்டதற்கு என் பதில்கள்.

வியாசர்பாடி தம்பி: பி.காம். முடித்திருக்கிறேன் அண்ணா. காம்ப்டியா ஏ பிளஸ் எழுதினால் வேலை நிச்சயமா?

நிச்சயம் என்று சொல்பவர் உங்களிடம் ஃபீஸ் வாங்கப் போகிறவராகத்தான் இருப்பார். ஏ பிளஸ் என்பது கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்கான அடிப்படைச் சான்றிதழ், காம்ப்டியா என்ற அமைப்பு தருவது. அது ஒரே தேர்வு இல்லை, இரண்டு. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, கட்டணமும் தனித்தனி. பாஸானால் 3 வருடம் செல்லும்.

அனுபவம் என்ற இடம் காலியாக இருக்கும் ரெஸ்யூமுக்கு அது உதவும். குவியலிலிருந்து எச்.ஆர். உங்களைத் தனியாக எடுத்து வைப்பார். அதோடு அதன் வேலை முடிந்தது. நான் கேட்பது இப்படி இருக்கும்: "ஐ.பி. 169.254 என்று ஆரம்பிக்கிறது, என்ன செய்வீங்க?" கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி.யிடமிருந்து முகவரி வரவில்லை, முதலில் கேபிளைப் பார்ப்பேன், அப்புறம் பக்கத்து சிஸ்டத்துக்கு வருகிறதா பார்ப்பேன் என்று வரிசையாகச் சொன்னால் போதும். சான்றிதழோடு வந்த ஒருவர் யோசிக்காமல் "ஃபார்மட் போட்டுடுவேன் சார்" என்றார். தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

கொருக்குப்பேட்டை: ஏ பிளஸ், சி.சி.என்.ஏ., எம்.சி.எஸ்.இ. மூன்றும் சேர்த்து ஒரு சென்டரில் பேக்கேஜ் சொல்கிறார்கள். சேரலாமா?

சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ், எம்.சி.எஸ்.இ. மைக்ரோசாஃப்டின் சான்றிதழ். அந்த எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதை இன்னும் போர்டில் வைத்திருக்கும் இடத்தில் மற்றப் பாடம் மட்டும் எப்படி இருக்கும்? தேர்வுக் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்று கேளுங்கள். இல்லை என்றால், கடைசியில் கைக்கு வருவது சென்டரே அச்சடித்த தாள்தான். 2010-ல் அம்மா கம்மலை அடகு வைத்து நானும் ஒன்று வாங்கினேன். லேமினேஷன் நன்றாக இருந்தது.

ராயபுரம்: குழந்தைகளால் ஆறு வருட இடைவெளி. கூகுளின் ஐ.டி. சப்போர்ட் கோர்ஸ் போதுமா தம்பி?

அடிப்படை நன்றாகப் பிடிபடும் அக்கா. ஆனால் கண்காணிப்பில் உட்கார்ந்து எழுதும் தேர்வு இல்லாததால் மதிப்பு ஒரு படி குறைவு. சர்வீஸ் டெஸ்க் வேலை உங்களுக்குப் பொருந்தும். போனில் கேட்டு, டிக்கெட் போட்டு (புகாரைப் பதிவு செய்து), இருந்த இடத்திலிருந்தே ரிமோட்டில் சரிசெய்வது. நைட் ஷிஃப்ட் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். போய் வருவது முடியாது என்றால் பாரிமுனை, ராஜாஜி சாலைப் பக்கம் பாருங்கள். ஷிப்பிங், கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகங்களில் சிஸ்டம் பார்க்க ஆள் வேண்டும். அங்கே சான்றிதழை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பில் அடிக்கும் நேரத்தில் பிரிண்டர் நின்றால் உடனே ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருவொற்றியூர்: ஐ.டி.ஐ.யில் கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு) படித்தேன். அடுத்து எந்த சர்டிஃபிகேட்?

முதலில் டிரைவிங் லைசென்ஸ்! சிரிக்காதீங்க தம்பி. நேரில் போய் சிஸ்டம் சரிசெய்யும் ஃபீல்டு இன்ஜினியர் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், சொந்த டூ வீலர் என்று அடிக்கடி வரும். பெட்ரோல் காசு தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம் சுற்றிய பிறகு, நெட்வொர்க் பக்கம் மனம் போனால், சி.சி.என்.ஏ.

மணலி: டம்ப், அதாவது வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகளை மனப்பாடம் செய்து எழுதலாமா?

வேண்டாம். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். யூடியூபில் புரொஃபசர் மெஸ்ஸர் இலவசமாகவே நடத்துகிறார். ஏ பிளஸ் பாடத்திட்டம் 2025-ல் மாறியது, அதனால் 220-1201, 220-1202 என்ற தேர்வு எண் பார்த்துப் படியுங்கள்.

பெரம்பூர்: வீட்டில் எப்படிக் கை பழகுவது?

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்டம் ஒன்று வாங்குங்கள். விண்டோஸ் 11 ஏறாததாக இருந்தாலும் பரவாயில்லை, விலை குறையும். ரேமைக் கழற்றி மாட்டுங்கள், எஸ்.எஸ்.டி. போடுங்கள், வேண்டுமென்றே கெடுத்து மீட்டெடுங்கள். செய்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி இன்டர்வியூவுக்குக் கொண்டு வாங்க. என்னிடம் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.