கேள்வி – பதில்: அரம் வழுக்க வேண்டும்

கேள்வி: மைல்டு ஸ்டீலில் (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) ஒரு பின் (உருளை முளை) கடைந்தேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியும் இறுகவில்லை, அரம் போட்டால் தேய்கிறது. ஏன்?

பதில்: உங்கள் கைவேலையில் பிழை இல்லை. அந்த இரும்பில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எத்தனை முறை முக்கினாலும் பெரிதாக இறுகாது. முதலில் மேல்தோலுக்குக் கார்பன் ஊட்டுங்கள். இரும்புப் பெட்டியில் மரக்கரித் தூளோடு கொஞ்சம் சோடியம் கார்பனேட் கலந்து நிரப்பி, நடுவில் பின்னைப் புதைத்து, மூடியின் இடுக்கைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். 900 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் உலையில் கிடக்கட்டும். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுதான் கார்பனை இரும்புக்குள் ஏற்றுகிறது. அது விஷ வாயு, காற்றோட்டம் கட்டாயம். ஒரு மில்லிமீட்டர் ஆழம் ஏறினாலே தாராளம்.

நான் முதன்முதலில் செய்தபோது பெட்டியோடு ஆறவிட்டு, எடுத்த கையோடு அரம் போட்டு ஏமாந்தேன். கார்பன் ஏறுவது பாதி வேலைதான். மறுபடி 800 டிகிரி சுமாருக்குக் காய்ச்சி முக்கிய பிறகு, கண்ணாடிமேல் போவதுபோல அரம் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கீச்சொலி இன்னும் காதில் இருக்கிறது! அப்புறம் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், இல்லையென்றால் விளிம்பு தெறிக்கும். பின்னில் மரை இருந்தால் அங்கே மட்டும் முன்கூட்டியே செம்பு முலாம் பூசுங்கள், கார்பன் ஏறாது.