ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் திருச்சி, வேளாங்கண்ணி போகிறோம். போன வருடம் இதே பயணம் போன என் தம்பி அங்கே ஒரு கோல்கூட எடுக்கவில்லை என்கிறான், ஆனால் வந்த பில்லைக் கட்ட சீட்டுக் காசைத் தொட வேண்டியதாயிற்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோமா என்று அம்மா கேட்கிறார்.
ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: போனைக் கொண்டு போங்கள் தங்கச்சி. வயதான அம்மாவோடு வெளிநாட்டில் போன் இல்லாமல் நிற்கக் கூடாது.

தம்பி பொய் சொல்லியிருக்க மாட்டார். நாம் கோல் எடுக்காவிட்டாலும் போன் சும்மா இருக்காது. திருச்சியில் இறங்கி போனைப் போட்டதும் அது அங்குள்ள ஏதோ ஒரு டவரைப் பிடித்துக்கொண்டு, நாம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்து வரிசையில் நிற்கிற நேரத்திலேயே மெயில் பார்க்கும், ஆப்களை அப்டேட் செய்யும், தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட திருவிழா வீடியோவை இறக்கும். எனக்கே நடந்தது இது. மதுரையில் சொந்தக்காரர் கல்யாணம். தாலி கட்டுவதை வீடியோ எடுத்து, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன், இலையில் சோறு விழுவதற்குள் மீதி முடிந்துவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது. போட்டோ, வீடியோவைத் தானாகவே மேலே ஏற்றி வைக்கும் வசதியை நான் அணைக்காமல் விட்டிருந்தேன். ஊரில் உடம்புக்கு முடியாமல் கிடந்த அப்பாவோடு பேச, பக்கத்து இலையில் இருந்தவரிடம் போன் கேட்டேன். அந்த மனிதர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் கட்டுநாயக்காவில் அல்ல, வீட்டில் இருக்கும்போதே செட்டிங்கில் போய் ‘டேட்டா ரோமிங்’ என்பதை, அதாவது வெளிநாட்டு டவர் வழியாக இணையம் ஓடுவதை, அணைத்துவிடுங்கள். அம்மாவின் போனிலும் அணையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

அடுத்தது, வருகிற கோல். இங்கே நமக்கு வருகிற கோலுக்குக் காசு இல்லை என்பதால் அங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஹட்டனிலிருந்து உங்கள் நம்பருக்கு எடுப்பவர் உள்ளூர் காசுதான் கட்டுகிறார். அந்தக் கோல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போகிற தூரத்துக்கு யார் கட்டுவது? எடுத்துப் பேசுகிற நீங்கள்தான். ஆகவே புறப்படும் முன்பே, பத்து நாளைக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் எடுங்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். கோலை வேறு நம்பருக்கோ வாய்ஸ் மெயிலுக்கோ திருப்பி விடும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதில் இன்னும் மோசம், நீங்கள் எடுக்காத கோல்கூட இந்தியா வரை வந்து மறுபடி இலங்கைக்குத் திரும்பி, இரண்டு பக்கத்துக்கும் காசு விழலாம். போகும் முன் ##002# என்று அடித்து கோல் பட்டனை அழுத்தினால் எல்லாத் திருப்பலும் ரத்தாகிவிடும்.

டேட்டா ரோமிங்கை அணைத்தபின் வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டுமே, பத்து நாள் என்பதால் அதற்கு அங்கே ஒரு இந்திய சிம் வாங்குவது நல்லது. பாஸ்போர்ட், விசா இரண்டின் போட்டோ கொப்பியையும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவருக்கு சிம் உடனே வேலை செய்யாமல் சில மணி நேரம் போகலாம், முதல் நாளை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தங்குமிடத்தின் பெயரையும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். போனில் இருக்கும் நம்பர்களையும் முன்னால் பூச்சியம் இல்லாமல் +94 போட்டுச் சேமித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்திய சிம்மிலிருந்து வீட்டுக்கு எடுக்கவே முடியாது.

கேள்வி: வெளிநாடு போனதும் நம் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிடலாமா? பேங்க் ஓடிபி வேண்டுமே?
ஒரு ஆசிரியர், பண்டாரவளை

பதில்: கழற்றாதீர்கள் சேர். ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ரோமிங் என்பது நம் நம்பர் வெளிநாட்டு டவரில் உயிரோடு இருப்பது, அது இருந்தால்தான் ஓடிபி வரும். டேட்டா ரோமிங் என்பது அந்த டவர் வழியாக இணையம் பாவிப்பது, பெரிய காசைத் தின்பது அதுதான். முதலாவது இருக்கட்டும், இரண்டாவதை அணையுங்கள். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை, நீங்கள் அனுப்பினால் உண்டு.

ஆனால் ரோமிங்கை இலங்கையில் இருக்கும்போதே திறந்துகொள்ள வேண்டும். அங்கே போய்த் திறக்கப் பார்த்தால், திறப்பதற்கே ஓடிபி கேட்கலாம், ஓடிபி வர ரோமிங் வேண்டும், மாட்டிக்கொள்வீர்கள். பில் கட்டும் கனெக்ஷன் என்றால் முற்பணம்கூடக் கேட்கலாம், ஒரு வாரம் முன்பே விசாரியுங்கள். ரீலோட் போடும் சிம் என்றால் அதன் காலம் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் ஒன்றில் நம் சிம், மற்றதில் அந்த நாட்டு சிம், இணையம் எந்த சிம்மில் ஓட வேண்டும் என்பதைச் செட்டிங்கில் அந்த நாட்டு சிம்முக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: மகன் துபாய்க்கு வேலைக்குப் போய் மூன்று வாரம். வாட்ஸ்அப்பில் கோல் போகவில்லை, நம்ம ஊர் நம்பரிலிருந்தே எடுக்கிறான், அவன் காசெல்லாம் அதிலேயே போகிறதாம்.
ஒரு அம்மா, தலவாக்கலை

பதில்: அம்மா, உங்கள் போனிலும் பிழை இல்லை, மகன் போனிலும் பிழை இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கோல், வீடியோ கோல் இரண்டையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். எழுதி அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், போட்டோவும் போகும். பேசுவதற்கு அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற ஆப் இருக்கிறது, மகன் அங்குள்ள சிம் ஒன்றை எடுத்து அதில் போட்டால் நீங்களும் உங்கள் போனில் போட்டுக்கொள்ளலாம், பக்கத்து லயத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். குரல் பதிவை நான் இன்னும் விரும்பிச் சொல்வேன். லயத்துக்குள் சிக்னல் வராமல் மேட்டுக்கு ஏறி நின்று பேசுகிற நம் தோட்டங்களில், மகன் ராத்திரி ஷிப்ட் முடிந்து பேசி அனுப்பியதை நீங்கள் காலையில் கொழுந்துக்குப் போகும் வழியில் சிக்னல் வருகிற இடத்தில் இறக்கிக் கேட்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேள்வி: இ-சிம் என்கிறார்களே, என் போனில் போடலாமா?
ஒரு தம்பி, நுவரெலியா

பதில்: இ-சிம் என்பது தனியாக அட்டை போடாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். *#06# என்று அடித்துப் பாருங்கள். வருகிற எண்களில் இஐடி (EID) என்று 32 இலக்கத்தில் ஒன்று இருந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும். கடைக்குப் போகாமல் வீட்டு வைஃபையிலேயே வாங்கி ஏற்றிவிடலாம், தரை இறங்கியதும் இணையம் கிடைக்கும். பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பலவற்றில் இணையம் மட்டும்தான், நம்பர் கிடையாது. ஓடிபிக்கும் சாதாரணக் கோலுக்கும் நம் சிம்தான்.

கேள்வி: பாரிசில் வாங்கும் சிம்மோடு சுவிஸில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகலாமா?
பதுளை வாசகர்

பதில்: 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. சிம் வாங்கும்போதே அந்தத் திட்டத்தில் சுவிஸ் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகிறோம். நடுக்கடலில் காசு போகுமா?
ஒரு குடும்பம், மஸ்கெலியா

பதில்: நடுக்கடலை விடக் கரை ஓரத்தில்தான் கவனம் தேவை. இரண்டு கரையும் கிட்ட வரும் இடங்களில் போன் எதிர்க்கரை டவரைப் பிடித்துவிடலாம். தனுஷ்கோடிக்குப் போகிற இந்தியர்களுக்கு இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று எஸ்எம்எஸ் வருவது அதனால்தான். கப்பலில் ஏறியதும் பிளைட் மோட் போடுங்கள். விமானத்திலும் அப்படியே, சில விமானங்களிலும் பெரிய கப்பல்களிலும் சாட்டலைட் வழியாகத் தனி நெட்வொர்க் ஓடுகிறது, அதன் கட்டணம் தரையில் இருப்பதை விடப் பல மடங்கு. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் முதலில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று எல்லாப் போனிலும் பாருங்கள், அதன் பிறகு பிளைட் மோடை எடுங்கள்.