35/50 சரி, 2/5 ஏன் தப்பு?

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுப்பாடத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். தப்பு என்று சொன்னேன். உடனே ரேங்க் கார்டை எடுத்து வந்து காட்டினான். முதல் டெஸ்ட் 15/20, இரண்டாவது டெஸ்ட் 20/30, கடைசியில் மொத்தம் 35/50. "மிஸ் மட்டும் மேலேயும் மேலேயும், கீழேயும் கீழேயும் கூட்டலாம், நான் கூட்டினா தப்பா?" என்று கேட்கிறான். குறுக்கே பெருக்கிக் கூட்டும் முறை எனக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "இப்போ எல்லாம் பர்சன்ட்டும் பாயின்ட்டும்தான், பின்னம் யாருக்கு வேணும்" என்று என் கணவர் வேறு சொல்கிறார். நீங்கள் விளக்க முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனை முதலில் பாராட்டுங்கள். விதியை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வராது. எதிரில் இருக்கும் சான்றை வைத்து வாதாடியிருக்கிறான். சான்று வேறு வழக்குக்கானது, அவ்வளவுதான்.

2/5 சரியாக இருக்க முடியாது என்பதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். 1/2 என்பது பாதி. 2/5 பாதியைவிடக் குறைவு, ஏனென்றால் ஐந்தில் பாதி இரண்டரை. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா? விடை எழுதிய பிறகு இப்படி ஒரு தடவை உரசிப் பார்க்கிற பழக்கத்தைப் பள்ளிகள் சொல்லித்தருவதே இல்லை. எனக்கு அந்தக் கோபம் உண்டு.

ஆனால் அவன் கேட்டது வேறு. மார்க்கில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

ரேங்க் கார்டில் உள்ள 15/20 பார்க்கத்தான் பின்னம். அது ஒரு குறிப்பு: 20 மார்க் தாளில் 15 கிடைத்தது. அடுத்தது வேறு தாள், 30 மார்க். இரண்டு தாளையும் ஒன்றாகக் கட்டினால் 50 மார்க் தாள், அதில் 35. அதாவது முழுமையே பெரிதாகிவிட்டது. 1/2 + 1/3 கணக்கில் முழுமை மாறுவதில்லை. அதே ஒரு ரூபாயில் பாதியும், அதே ஒரு ரூபாயில் மூன்றில் ஒரு பங்கும். ஒரே சாய்கோடு இரண்டு வேலைக்குப் பயன்படுகிறது. பையன் ஏமாந்தது அந்தக் கோட்டில்.

இதை அவனே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 15/20-ஐச் சுருக்கச் சொல்லுங்கள், 3/4 வரும். 20/30-ஐச் சுருக்கினால் 2/3. இப்போது அவன் முறைப்படியே மேலேயும் கீழேயும் கூட்டட்டும்: 5/7. ஐம்பதுக்கு 5/7 எவ்வளவு? கிட்டத்தட்ட 35.7. மிஸ் போட்டது 35. அந்த 0.7 மார்க் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 3/4, 6/8, 15/20 என்று எப்படி எழுதினாலும் பின்னம் ஒன்றுதான், எதை வைத்துக் கூட்டினாலும் விடை மாறக் கூடாது. மார்க்கை அப்படிச் சுருக்க முடியாது. 20-க்கு 15 வாங்கியவனும் 4-க்கு 3 வாங்கியவனும் மொத்தத்தில் ஒன்றாக மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எப்படிக் கூட்டுவது? அதற்குப் பழைய காசுதான் நல்ல ஆசிரியர். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வருவதற்கு முன்னால், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. அரை ரூபாய் 96 தம்பிடி. மூன்றில் ஒரு பங்கு 64 தம்பிடி. கூட்டினால் 160. 192-இல் 160 என்பதைச் சுருக்கினால் 5/6. குறுக்கே பெருக்கி நீங்கள் போடும் கணக்கும் இதுவேதான். பாதி ஒரு அலகு, மூன்றில் ஒன்று வேறொரு அலகு. அணாவையும் தம்பிடியையும் அப்படியே கூட்டமாட்டோம், இரண்டையும் தம்பிடியாக்கிக் கூட்டுவோம். பின்னத்தின் கீழே நிற்கும் எண், பகுதி என்று புத்தகம் சொல்வது, அந்தக் காசு எது என்று சொல்கிறது. மேலே நிற்பது எத்தனை காசு என்று சொல்கிறது. காசின் பெயரைப் போய் யாராவது கூட்டுவார்களா? 1/2-க்கும் 1/3-க்கும் 192 வரை போக வேண்டியதில்லை, 6 போதும். மீச்சிறு பொது மடங்கு என்று பயமுறுத்துவது இந்த 6-ஐத்தான்.

நம் பாட்டிகள் 'முக்காலே மூணு வீசம்' என்பார்களே, அதுவும் இப்படி ஒரு கூட்டல்தான். வீசம் என்றால் 1/16. முக்காலில் 12 வீசம், கூட மூன்று, மொத்தம் 15/16. ஏறக்குறைய முழுசு.

அடுத்து அவன் வகுத்தலில் முட்டிக்கொள்வான், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1/2 ÷ 1/8 = 4 என்று வரும்போது, "வகுத்தா குறையணும், இது கூடுதே" என்பான். 'அரைப் படி அரிசியில் எத்தனை ஆழாக்கு' என்று கேட்டுப் பாருங்கள். படிக்கு எட்டு ஆழாக்கு, அரைப் படிக்கு நாலு. தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்ற விதி அப்புறம் வரட்டும்.

இனி உங்கள் கணவருக்கு. பர்சன்ட் என்பதே 100-ஐப் பகுதியாக வைத்த பின்னம்தான். ஆனால் நூறு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. பழைய ரூபாயில் மூன்றில் ஒரு பங்கைத் துல்லியமாக 5 அணா 4 தம்பிடி என்று கொடுக்கலாம். 100 பைசாவில் அது 33 பைசாவோடு நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும்.

வீட்டில் ஒரு வளையலை எடுத்து முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 916 என்று இருக்கும். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி மாதிரியானவை. 22/24 சுருங்கி 11/12. ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916.666… என்று முடிவில்லாமல் போகிறது, முத்திரையில் 916-உடன் வெட்டிவிட்டார்கள். 18 காரட் நகையில் 750 என்று கச்சிதமாக இருக்கும், அது 3/4. எட்டு கிராம் சவரனில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்றால், 11/12 தெரிந்தவர் ஏழே மூன்றில் ஒரு பங்கு கிராம் என்று பேப்பர் இல்லாமல் சொல்லிவிடுவார்.

ஜவுளிக்கடையில் '50% + 20% தள்ளுபடி' என்று பலகை பார்த்திருப்பீர்கள். அவசரத்தில் 70% என்று மனம் கூட்டிவிடும். எதில் 20%? ஏற்கெனவே பாதியான விலையில். 2000 ரூபாய்ச் சேலை முதலில் 1000, அப்புறம் 200 குறைந்து 800. அதாவது பாதியில் ஐந்தில் நாலு பங்கு: 1/2 × 4/5 = 2/5. உங்கள் மகனின் 2/5 கடைசியில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது! 600 ரூபாய் என்று நினைத்து கவுண்டருக்குப் போகிறவர் பின்னம் தேவையில்லை என்று சொன்னவராக இருக்கலாம். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பையன் கிரிக்கெட் பார்ப்பவனாக இருந்தால் இன்னொன்று. ஸ்கோர் போர்டில் 12.3 ஓவர் என்று போடுகிறார்களே, அந்தப் புள்ளியும் சாய்கோட்டைப் போலவே ஏமாற்றும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் மூன்று இல்லை, மூன்று பந்து. ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே 3/6, அரை ஓவர். 12.3 ஓவரில் 100 ரன், ரன் ரேட் எவ்வளவு என்று கேளுங்கள். 8.13 என்று சொன்னால் எண்களை அப்படியே கால்குலேட்டரில் தட்டியிருக்கிறான். 8 என்று சொன்னால், ஸ்கோர் போர்டில் 12.5 என்று இருந்தால் நிஜமாக எத்தனை ஓவர், எத்தனை பந்து என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.