ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குக் கடன் பட வேண்டாம், தம்பி

தம்பி, உம்முடைய கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோ வந்து நாலு மாதம், ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை, இரவு வேலை. குருநகரில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்த கை இப்போது சும்மா இருக்கிறது. ஃபெண்டர் கொம்பனியின் எலெக்ட்ரிக் கிற்றாரான ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றைத் தவணைக்கு எடுக்கலாமா, மலிவாக நல்லது ஏதும் இருக்கிறதா, ஊரில் கிடக்கிற அம்ப்பை, அதுதான் கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியை, அண்ணா அனுப்பினால் இங்கே வேலை செய்யுமா என்று கேட்டிருந்தீர்.

அந்தக் கிற்றாரில் உமக்குள்ள ஆசை எனக்கு வடிவாக விளங்கும். 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட காலம். எலெக்ட்ரிக் கிற்றாரை நான் ஒரு பழைய சஞ்சிகைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். இரண்டு கொம்பு, தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருளான பிக்கப் மூன்று, 1954 இல் வந்த அதே ஸ்ட்ராட். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

இருந்தும் தவணைக்கு எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் செய்த ஸ்ட்ராட் இங்கே 2,000 டொலருக்கு மேல் போகும். அதற்கு மேல் ஒன்ராறியோவின் 13 வீத வரி. வாடகை, பஸ் காசு, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் போக, முதல் வருசத்தில் அந்தக் கடன் கழுத்தை நெரிக்கும்.

உமக்கு நான் சொல்வது யமஹா பசிஃபிக்கா 112வி. ஸ்ட்ராட்டுக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு விலை. உடல் ஆல்டர் மரம், கழுத்து மேப்பிள், பிடிக்கிற வடிவமும் ஸ்ட்ராட்டின் குடும்பம்தான். வழக்கமான ஸ்ட்ராட்டில் இல்லாத ஒன்றும் இதில் உண்டு: தந்திகள் உடலில் வந்து நிற்கிற பாலத்துப் பக்கம், ஹம்பக்கர் என்கிற இரட்டைச் சுருள் பிக்கப். ஸ்ட்ராட்டில் வழக்கமாக உள்ள ஒற்றைச் சுருள் பிக்கப் சுவரில் ஓடுகிற கரண்டின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றை ஒன்று அடித்துவிடும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் ரியூப் லைற்றும் இருக்கிற பேஸ்மென்றில் இது பெரிய நிம்மதி. ஒலியின் தன்மையை மாற்றுகிற ரோன் குமிழை மேலே இழுத்தால் அதே பிக்கப் ஒற்றைச் சுருளாக மாறும்.

இல்லை, ஸ்ட்ராட் வடிவமேதான் வேண்டும் என்றால் ஸ்குவயர் கிளாசிக் வைப். ஸ்குவயர் முன்பு வாத்தியங்களுக்குத் தந்தி செய்த கொம்பனி. ஃபெண்டர் அதை 1965 இல் வாங்கி, 1982 முதல் அந்தப் பெயரில் ஜப்பானில் கிற்றார் செய்வித்தது. ஆகவே அது போலி இல்லை, அதே வீட்டின் இளைய பிள்ளை. தனியாளிடம் பழசாக வாங்கினால் விலையும் குறையும், வரியும் இல்லை.

இங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வந்த வருசம் பெயர் தெரியாத ஒரு கிற்றாரைப் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். தை மாதம் ஒருநாள் வாசிக்க எடுத்தபோது, சுட்டுவிரலின் அடிப்பக்கத்தில் கீறி இரத்தம் வந்தது. என்னவென்று பார்த்தால், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் என்கிற உலோகக் கம்பிகளின் நுனி வெளியே மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹீற்றர் ஓடுகிற வீட்டில் காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. கடல் காற்றில் வளர்ந்த எங்களுக்கு இது யோசனையிலேயே வராத விஷயம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி அறையில் வையும். 40 வீதத்துக்குக் கீழே இறங்கினால் ஹியூமிடிஃபையரைப் போடும். குளிருக்குள்ளால் கொண்டு வந்த கிற்றாரைப் பையோடு ஒரு மணித்தியாலம் விட்டுப் பிறகு திறவும்.

அதனால் கடையில் முதலில் செய்ய வேண்டியது, வாசிக்காமல் பெருவிரலைக் கழுத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டுவது. எங்கும் குத்தக் கூடாது. பேந்து ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி ஒருமுறை, அதே இடத்தில் அழுத்தாமல் மெல்லத் தொட்டு, மணி மாதிரி எழும் ஹார்மோனிக் ஒலியாக ஒருமுறை தட்டிக் கேளும். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் செற்அப்பில், அதாவது தந்தி உயரத்தையும் சுருதியையும் ஆள் வைத்துத் திருத்துகிற வேலையில், சரி செய்யலாம். கழுத்து முறுகியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடும். செற்அப்புக்கு என்று கொஞ்சக் காசைக் கட்டாயம் ஒதுக்கும். மலிவான கிற்றாரும் கைக்கு இதமாக வருவது அதில்தான்.

அண்ணாவின் அம்ப் வேண்டாம். ஊரில் 230 வோல்ற், இங்கே 120. பாரமான ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று இல்லாமல் அது வேலை செய்யாது, அனுப்புகிற செலவுக்கே இங்கே சின்னதொன்று வாங்கலாம். ஹெட்ஃபோன் செருகுகிறதாகப் பாரும். இரவு வேலை முடிந்து விடிய நாலு மணிக்கு வந்து வாசித்தாலும் மேல் வீட்டுக்காரர் எழும்ப மாட்டார்.

எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை இல்லை. கடைக்குப் போகிற நாளை முதலே சொல்லும், நானும் வருகிறேன். நீர் வாசியும், நான் தள்ளி நின்று கேட்டுச் சொல்கிறேன்.